ஆண்களின் மார்பகப் பெருக்கம்: கூச்சமும் சிகிச்சையும்

கனடாவின் மொன்றியல் தீவுடைய வட ஓரத்தில், ரிவியேர் தே ப்ரேரி ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் நகர்ப்பிரிவு அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். எயிட்டி, லெபனான், அல்ஜீரியா எனப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் பகுதி இது. தமிழர்கள் செறிந்து வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன், சென் லோரான் ஆகிய பகுதிகள் இதற்கு அருகிலேயே உள்ளன. குவென் பெருந்தெருவின் மேற்குப் பகுதியில் 1926ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சாக்ரே-கேர் மருத்துவமனைக்கு, மொன்றியலின் வட பகுதித் தமிழ்க் குடும்பங்கள் ஏதோ ஒரு தேவைக்காக ஒருமுறையேனும் போயிருக்கக்கூடும்.

ஆனால் அவ்வாறு போகும் ஆண்கள் மருத்துவரிடம் எளிதில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு குறை உண்டு. அது மார்பகம் பெருத்திருப்பது. மருத்துவ மொழியில் கைனகோமாஸ்டியா எனப்படும் இந்த நிலை அரிதானதல்ல. பெரும்பாலான வேளைகளில் ஆபத்தானதும் அல்ல. எனினும் சிலருக்கு இது கல்லீரல் நோய், விரையில் தோன்றிய கட்டி, அல்லது உட்கொள்ளும் மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கூச்சத்தால் ஒருவர் ஓராண்டு வாய் திறக்காதிருந்தால், அந்த ஓராண்டு அந்த நோய்க்கும் கிடைத்துவிடுகிறது.

கூச்சத்துக்குத் தமிழர்களிடையே தனியான காரணங்களும் உண்டு. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே செல்ல வேண்டும். திருச்செந்தூரிலும், புலம்பெயர் நாடுகளில் ஈழத்தமிழர் அமைத்த கோயில்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் இருக்கிறது. காவடி எடுப்பவரும், தேர்வடம் பிடிப்பவரும், பெற்றோருக்கு அந்தியேட்டி செய்பவரும் வெற்றுமார்போடுதான் நிற்கிறார்கள். மார்பு பெருத்த இளைஞர் ஒருவர் கோயிலுக்கு வர மறுத்தால் வீட்டார் அதைப் பக்திக் குறைவாகவோ மேலைநாட்டு வளர்ப்பின் விளைவாகவோ எடுத்துக்கொள்வது எளிது. உண்மைக் காரணம் சட்டைக்குள் இருக்கலாம்.

கனடாவில் வளரும் பிள்ளைகளுக்கு இதே நெருக்கடி பாடசாலை நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சி வகுப்பின் உடைமாற்றும் அறையிலும் நேர்கிறது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, இக்குறையுள்ள பதின்வயதினரின் தன்மதிப்பும் மனநலமும் ஏனையோரைவிடத் தாழ்ந்திருந்ததைக் காட்டியது. பெருக்கம் சிறிதாக இருந்தவர்களும் இதற்கு விலக்கல்லர் என்பதே அதில் கவனத்துக்குரியது. "இது ஒன்றுமில்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் மருத்துவ ரீதியில் பெரும்பாலும் சரியே. ஆனால் வகுப்பறைக் கேலிக்கு அது மருந்தாகாது.

சுரப்பியா, கொழுப்பா?

ஆணின் மார்பிலும் சிறிதளவு பால்சுரப்பித் திசு பிறவியிலேயே உண்டு. ஈஸ்ட்ரோஜன் அதை வளரத் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டிரோன் அதை அடக்கி வைக்கிறது. ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலை குலையும்போது சுரப்பித் திசு பெருக்கிறது. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் மிகுதி என்பதால் உடற்பருமனும் இந்தச் சமநிலையைப் பாதிக்கிறது.

வாழ்நாளில் மூன்று கட்டங்களில் இது இயல்பாகவே தோன்றுகிறது. தாயின் ஹார்மோன் காரணமாகப் பிறந்த குழந்தைகளுக்கு வருவது சில வாரங்களில் மறைந்துவிடும். அடுத்தது பூப்புப் பருவம். 13, 14 வயதையொட்டிய சிறுவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது ஏற்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. மூன்றாவது கட்டம் 50 வயதுக்குப் பின்னர், டெஸ்டோஸ்டிரோன் குறையத் தொடங்கும் காலம்.

மார்பில் கொழுப்பு மட்டுமே சேர்ந்திருப்பது இன்னொரு வகை. இதைப் போலி மார்பகப் பெருக்கம் என்கிறார்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு விரல்களை இருபுறமிருந்தும் மார்புக்காம்பை நோக்கி நெருக்கிப் பார்த்தால், சுரப்பித் திசு இருக்குமானால் காம்பின் அடியில் ரப்பர் வில்லை போன்ற ஒன்று தட்டுப்படும். கொழுப்பானால் அத்தகைய தடை எதுவும் இருக்காது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனையே சிகிச்சையின் பாதையைத் தீர்மானிக்கிறது. கொழுப்பு மட்டுமென்றால் எடைக்குறைப்பு பயன்தரும். சுரப்பித் திசுவானால் எத்தனை தண்டால் எடுத்தாலும் கரையாது.

தெற்காசியருக்கு, பார்வைக்குப் பருமன் தெரியாத எடையிலேயே உடலின் நடுப்பகுதியில் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில், ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று கூறியது நினைவுகூரத்தக்கது.

பழைய பெயர், புதிய காரணங்கள்

கைனகோமாஸ்டியா என்ற சொல் கிரேக்க மருத்துவர் காலென் காலத்தது; அதாவது கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஏகினாத் தீவின் பவுல் என்ற மருத்துவர் இதற்கான அறுவைச் சிகிச்சையையே விவரித்திருக்கிறார். 1942இல் அமெரிக்க மருத்துவர் ஹாரி கிளைன்ஃபெல்டரும் அவருடைய சகாக்களும், மார்பகப் பெருக்கத்தோடு சிறிய விரைகளும் கொண்ட ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார்கள். அதற்குக் காரணம் கூடுதலான ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் என்பது 1959இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு உள்ள இந்த நிலை, பலருக்குத் திருமணமாகிக் குழந்தையில்லை என்று மருத்துவரிடம் போகும்போதுதான் தெரியவருகிறது. இவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனைய ஆண்களைவிட அதிகம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சிறைமுகாம்களில் பட்டினி கிடந்து விடுதலையான படையினருக்கு நல்ல உணவு கிடைக்கத் தொடங்கியதும் மார்பு பெருத்தது. பட்டினியில் முடங்கிய ஹார்மோன் சுரப்பு மீண்டும் எழும்போது ஏற்படும் தடுமாற்றமே அதற்குக் காரணம். ஒருவகையில் இரண்டாவது பூப்பு என்று அதைச் சொல்லலாம். 1981, 1982ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டிருந்த எயிட்டி அகதிகளிடையே இது திடீரெனப் பரவலாகத் தோன்றியபோதும் முதலில் உணவின் மீதே பார்வை திரும்பியது. பின்னர் 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, பேன் ஒழிக்க முகாமில் தெளிக்கப்பட்ட ஃபீனோத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மீது ஐயத்தை எழுப்பியது. அது முடிந்த முடிபு அல்ல. ஆயினும் முகாம்களையும் நீண்ட பட்டினியையும் கடந்து வந்த சமூகங்களுக்கு, ஈழத்தமிழர் உட்பட, இந்த வரலாறு அந்நியமானதல்ல.

இன்றைய நடைமுறையில் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது மருந்துப் பட்டியலை. இதய பலவீனத்துக்கும் கல்லீரல் நோயில் வயிற்றில் நீர் கோப்பதற்கும் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன், புரஸ்டேட் சுரப்பிக்கான பைகாலுட்டமைட், ஃபினாஸ்டரைட், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், காசநோய்க்கான ஐசோநியாசிட், வயிற்றுப்புண்ணுக்கான சிமெட்டிடின் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. ஃபினாஸ்டரைட் மாத்திரையைத் தலைமுடி உதிர்வுக்காகவும் இளைஞர்கள் உட்கொள்கிறார்கள். இவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதிலாக எப்லெரினோன் தருவது போன்ற மாற்று வழிகள் மருத்துவரிடம் இருக்கின்றன.

மதுவுக்கும் இதில் பங்குண்டு. நாட்பட்ட குடி கல்லீரலைச் சிதைக்கும்போது ஈஸ்ட்ரோஜன் சமநிலை குலைகிறது. குடியைப் பற்றிப் பேச விரும்பாத குடும்பம் அந்த வீக்கத்தைப் பற்றியும் பேசுவதில்லை. தைராய்டு மிகைச் சுரப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையும் காரணங்களாகலாம்.

உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் தசை வளர்ப்பு ஸ்டீராய்டுகள் தனியே சொல்லப்பட வேண்டியவை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனேடிய ஓட்டவீரர் பென் ஜான்சனின் பதக்கம் பறிபோனபோது கனடா முழுவதும் அறிந்த பெயர் இது. வெளியிலிருந்து ஏற்றப்படும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. உடலின் சொந்தச் சுரப்போ முடங்கிப்போகிறது. மார்பைக் கட்டுடலாக்க ஊசி போட்டுக்கொண்டவருக்கு அதே மார்பில் சுரப்பித் திசு வளர்வது இதனால்தான். கனடாவில் இவற்றை விற்பது குற்றமாகும்.

பிராய்லர் கோழி சாப்பிட்டதால் வந்தது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் வலுவாக இருக்கிறது. கனடாவில் கோழி வளர்ப்பில் ஹார்மோன் பயன்படுத்துவது 1960களிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. கோழி விரைவாக வளர்வதற்கு இன விருத்தியும் தீவனமுமே காரணம். பையனுக்குக் கோழிக்கறியை நிறுத்துவதால் அவனுடைய மார்பு சிறுக்கப்போவதில்லை.

எப்போது தாமதிக்கக் கூடாது

ஒரு பக்கம் மட்டும் கடினமான கட்டி; அது காம்புக்கு நேர் கீழே இல்லாமல் விலகியிருத்தல்; காம்பிலிருந்து இரத்தம் கசிதல்; தோல் உள்ளிழுத்தல்; அக்குளில் கட்டி. இவற்றில் எதுவும் தென்பட்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் சுமார் நூற்றில் ஒன்று ஆண்களுக்கு வருகிறது. ஆண்களுக்கு அது வராது என்ற எண்ணத்தினாலேயே பலர் முற்றிய நிலையில் வருகிறார்கள். விரையில் கட்டியோ கனமோ உணரப்பட்டால் அதுவும் அவசரமே. மார்பகப் பெருக்கத்துக்காக வருவோரில் நூற்றுக்கு மூவர் அளவில் விரைக் கட்டி கண்டறியப்படுவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் முற்றாகக் குணமாகக்கூடிய புற்றுநோய் அது. மார்பைக் காட்டவே கூசும் ஒருவரிடம் விரையையும் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அது தேவையற்ற கேள்வியல்ல என்பதை நோயாளி அறிந்திருப்பது நல்லது.

கியூபெக் மாகாணத்தில் 811 என்ற எண்ணை அழைத்தால் தாதி ஒருவரிடம் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். குடும்ப மருத்துவர் இல்லாதவர்கள் மாகாண அரசின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதிய வேண்டும். சாக்ரே-கேர் உள்ளிட்ட பொது மருத்துவமனைகள் 2024 டிசம்பர் முதல் சாந்தே கெபெக் என்ற மாகாண நிறுவனத்தின் கீழ் வந்துள்ளன. சிறுவர்கள் பொதுவாக சென்-ழுஸ்தீன் மருத்துவமனைக்கோ மொன்றியல் சிறுவர் மருத்துவமனைக்கோ அனுப்பப்படுகிறார்கள்.

இங்கு இரண்டு விடயங்களைப் பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, கியூபெக் குடியியல் சட்டப்படி 14 வயது நிறைந்தவர் தமது உடல்நிலைக்குத் தேவையான மருத்துவத்துக்குத் தாமே சம்மதம் தரலாம். மகன் மருத்துவரிடம் தனியே பேச விரும்பினால் அது அவனது உரிமை. பெற்றோர் சில நிமிடங்கள் வெளியே காத்திருப்பதால் பல உண்மைகள் வெளிவருகின்றன, ஸ்டீராய்டு ஊசி உட்பட. இரண்டாவது, மொழி. பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாக வராத முதியவர்களுக்குப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். புரஸ்டேட் மருந்து உட்கொள்ளும் தந்தை, தம் மார்பு வலிப்பதை மகள் வழியாக மருத்துவரிடம் சொல்வாரா? சொல்லமாட்டார். மொன்றியல் பொது மருத்துவத் துறையில் மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது. சந்திப்பு நாளைக் குறிக்கும்போதே அதைக் கேட்டு வைக்க வேண்டும்.

மருந்தும் கத்தியும்

பூப்புப் பருவத்தில் தோன்றியதானால் முதல் சிகிச்சை காத்திருப்பதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் அளந்து பார்ப்பார். தேவையெனில் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தச் சோதனைகள் செய்யப்படும். வலியுடன் புதிதாகத் தோன்றிய வீக்கத்துக்குத் தமொக்சிபென் மாத்திரையைச் சில மாதங்களுக்குத் தருவதுண்டு. பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கான இந்த மருந்து ஆண்களின் இக்குறைக்கென முறையாக அங்கீகரிக்கப்பட்டதல்ல என்றாலும், தொடக்க நிலையில் பலருக்குப் பயன்தருகிறது. அனஸ்ட்ரோசோல் என்ற இன்னொரு மருந்து, 2004இல் வெளியான சோதனையொன்றில் பதின்வயதுச் சிறுவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட மேலான பலனைத் தரவில்லை. ஓராண்டு கடந்தால் சுரப்பித் திசு நார்த்திசுவாக இறுகிவிடுகிறது. அதன்பின் எந்த மாத்திரையும் அதைக் கரைப்பதில்லை. கடைகளில் களிம்பாகவும் பொடியாகவும் விற்கப்படுவனவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

இறுகிவிட்ட திசுவுக்கு அறுவைச் சிகிச்சையே வழி. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக வெட்டிச் சுரப்பியை எடுக்கும் முறையை 1946ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜெரோம் வெப்ஸ்டர் விவரித்தார். தழும்பு கருவட்டத்தின் நிறமாற்றத்துக்குள் மறைந்துவிடுவதால் இன்றும் அடிப்படை அதுவே. சுற்றியுள்ள கொழுப்பைக் குழாய் வழி உறிஞ்சி எடுப்பது பிற்காலச் சேர்க்கை. காம்பின் அடியில் மெல்லிய திசுப்படலம் ஒன்றை விட்டுவைப்பார்கள். முழுவதையும் சுரண்டி எடுத்தால் அங்கே குழி விழுந்துவிடும். பிறகு சில வாரங்களுக்கு இறுக்கமான உள்ளாடை அணிய வேண்டும்; பாரம் தூக்கக் கூடாது. இரத்தம் கட்டுதல், இரு பக்கமும் சமமின்மை, காம்பில் உணர்ச்சி குறைதல் ஆகியவை வரக்கூடிய சிக்கல்கள். கருமை நிறத் தோலில் தழும்பு தடித்து மேடிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், முன்பு காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ அவ்வாறு மேடிட்டிருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியின் சலாபெரி தெருவில் உள்ள தனியார் அறுவைச் சிகிச்சை மையம், திருநர்களுக்கான பாலின உறுதிப்பாட்டு அறுவைக்காகக் கனடா முழுவதும் அறியப்பட்டது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவரின் மார்பை அமைக்கும் கைத்திறனும், மார்பு பெருத்த ஆணின் மார்பைச் சீராக்கும் கைத்திறனும் நெருங்கிய உறவுடையவை. ஒரு துறையில் தேர்ந்த கை மற்றதிலும் பயன்படுகிறது. திருநரைப் பற்றி வீட்டில் பேசவே தயங்கும் சமூகம் கவனிக்க வேண்டிய செய்தி இது.

செலவு பற்றிய கேள்விக்கு ஒரே பதில் இல்லை. அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவையை மாகாண மருத்துவக் காப்புறுதி ஏற்பதில்லை. அத்தகைய அறுவைக்கு மத்திய, மாகாண விற்பனை வரிகளும் சேரும். இரண்டும் கூடி ஏறத்தாழ 15 விழுக்காடு. மருத்துவத் தேவை உண்டா என்பது நோயாளியின் நிலையைப் பொறுத்தது. ஆகவே செலவை ஏற்பது யார் என்பதை அறுவைக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் அறுவைத் துறையில் சிறப்புத் தகுதி பெற்றவரா என்பதைக் கியூபெக் மருத்துவர் சபையின் பதிவேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்த அறுவைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியப் படைகளில் சேர வரும் இளைஞர்கள் மருத்துவச் சோதனையில் நிராகரிக்கப்படும் காரணங்களுள் மார்பகப் பெருக்கமும் ஒன்று. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத ஒன்று வேலைவாய்ப்பையே பறிக்கும்போது, கடன் வாங்கியாவது அறுவை செய்துகொள்ள அவர்கள் முன்வருகிறார்கள். தேவையான அறுவையா என்ற கேள்விக்கு இங்கு மருத்துவர் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

செலவு குறைவு என்பதால் விடுமுறையில் சென்னைக்கோ கொழும்புக்கோ போய்ச் செய்துகொள்ள நினைக்கும் புலம்பெயர் தமிழர்கள் நாட்களைக் கணக்கிட்டுப் போக வேண்டும். இரத்தம் கட்டுதல் பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில் நேர்கிறது. அறுவைக்குப் பின் உடனே நீண்ட விமானப் பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. எடுத்த திசுவை நோயியல் ஆய்வுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்வதும், அதன் அறிக்கையையும் அறுவைக் குறிப்பையும் ஆங்கிலத்தில் வாங்கி வருவதும், பின்னர் சிக்கல் எழுந்தால் மொன்றியல் மருத்துவருக்கு உதவும்.